குருந்தம் வேரும் விறைத்துப்போன குழாயும்

1. முறிந்த காலை

குழாய் முறிந்த அன்று ஆய்வுகூடத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. காலை ஏழே முக்கால். மேல் தட்டில் இருந்த பெரிய கண்ணாடிப் போத்தலில் ஹெக்ஸேன் தீரும் நிலைக்கு வந்திருந்தது. நிரப்பி வைப்போம் என்று அதில் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி வளைத்தேன். வளையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். காய்ந்த ஈர்க்குப் போல டக்கென்று இரண்டாக முறிந்தது.

எட்டு மாதத்துக்கு முன் புறக்கோட்டையில் நானே வாங்கிய குழாய் அது. அன்று அதைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அப்படி மெதுமெதுவென்று இருந்த சாமான் இப்போது ஏன் கம்பி மாதிரி நிற்கிறது? முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முழித்தேன். பிறகு விளங்கியது.

அந்த வகைப் பிளாஸ்டிக் தானாக மெதுவாக இருக்காது. வளைவதற்காக அதற்குள் ஓர் எண்ணெயைக் கலந்து செய்வார்கள். ஹெக்ஸேனோ எண்ணெயைக் கண்டால் விடாத கரைப்பான்; விதையிலும் வேரிலும் எண்ணெயை இழுக்கத்தான் நாங்களே அதைப் பாவிக்கிறோம். எட்டு மாதமாக இரவு பகலாக அது அந்தக் குழாய்க்குள் நின்றிருக்கிறது. குழாயின் எண்ணெய் முழுவதும் வெளியே வந்துவிட்டது. வந்தது எங்கே போனது? எங்கள் குடுவைகளுக்குள்.

பக்கத்து மேசையில் எங்கள் ஆராய்ச்சி மாணவி ரஞ்சினியின் குப்பி இருந்தது. குருந்தம் என்ற காட்டுச் செடியின் வேர்ப்பட்டையிலிருந்து அவள் பிரித்தெடுத்த புதிய இரசாயனச் சேர்வை. நிறமில்லாத எண்ணெய். அதைப் பற்றி அவள் விஞ்ஞானிகளின் ஆண்டுக் கூட்டத்தில் பேச இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பேச்சின் சுருக்கம் அச்சாகி வந்துவிட்டது.

"மாதாவே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

2. நான் செய்த கெட்டித்தனம்

நான் விஞ்ஞானி இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஆள். கொழும்பில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக முப்பத்தொரு வருஷம் வேலை செய்தேன். பட்டையை இடிப்பது, ஊறவைப்பது, வடிப்பது, கரைப்பானை ஆவியாக்குவது, சிலிக்கா நிரப்பிய கண்ணாடித் தூணில் கலவையைப் பிரிக்கும் கொலம் ஓட்டுவது எல்லாம் என் கை வேலை. பட்டம் பெற்றவர்களின் வாயில் கொஞ்சம், என் மூக்கில் கொஞ்சம் என்று வேதியியலைக் கற்றேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லாததை வைத்து வேலையை ஓட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு.

யுத்த காலம். ஒரு நாள் நகரத்தில் வெடித்த குண்டுக்கு எங்கள் ஜன்னல்கள் உதிர்ந்தன. அத்தோடு கரைப்பான் எடுக்கும் கண்ணாடி வளைகுழாய்களும் தூளாகின. புதியது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், காசும் அனுமதியும் இல்லை. நான் புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் பிளாஸ்டிக் குழாய் வாங்கி, போத்தலை மேல் தட்டில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேலைன் இறக்குவது மாதிரி மேசைக்கு இறக்கி, முனையில் ஒரு கிளிப்பும் போட்டுவிட்டேன். கிளிப்பைத் திறந்தால் ஹெக்ஸேன். எங்கள் பகுதித் தலைவர் டொக்டர் அமரசேகர பார்த்துவிட்டு, "ஷா! நியமய் அன்டன்!", பிரமாதம் என்று சிங்களத்தில் சொல்லி முதுகில் தட்டினார். அந்தப் பாராட்டை வீட்டில் மனைவிக்கு மூன்று தடவை சொன்னேன்.

அதே மாதம்தான் ரஞ்சினி வந்து சேர்ந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபத்தாறு வயது, வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் இன்னும் மூன்று பெண்களோடு அறை. வரும்போதே ஒரு சாக்குக் குருந்தம் வேர்ப்பட்டை அவளுக்காக வவுனியாவிலிருந்து லொறியில் வந்தது. வன்னிப் பக்கத்து வைத்தியர்கள் வாதத்துக்குப் பாவிக்கும் பட்டை. அது வந்து இரண்டு கிழமையில் சண்டையால் பாதை பூட்டுப்பட்டது. இனி ஒரு துண்டுப் பட்டையும் வராது. அந்த ஒரு சாக்கில்தான் அவளுடைய பட்டம் இருந்தது. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் அவளை எடுக்கத் தயாராக இருந்தது, இந்தப் பட்டம் முடிந்தால். முடியாவிட்டால் நிலையத்து அடையாள அட்டை போகும். அந்த அட்டை இல்லாத யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பார்த்து, கொழும்பில் நிற்க உனக்கு என்ன காரணம் என்று கேட்பார்கள். ஊருக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை.

வேலை தொடங்கிய முதல் கிழமையே என்னிடம் கேட்டாள்:

"அன்டன் அண்ணை, ஒரு பிளாங் ஓட்டிப் பாப்பமே? பட்டை போடாமல், வெறும் ஹெக்ஸேனை ரெண்டு லீற்றர் வத்த வைச்சு?"

பிளாங் என்றால் இதுதான். செடியே இல்லாமல் கரைப்பானை மட்டும் வற்றவைத்துப் பார்ப்பது. ஒன்றும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அது செடியின் பொருள் இல்லை, நம்முடைய அழுக்கு.

நான் பாய்ந்துவிட்டேன். "மிஸ், ஒரு ட்ரம் ஹெக்ஸேன் எடுக்க எத்தனை கடிதம் போகணும்னு தெரியுமா? எரியிற சாமான்னு மூணு மாசம் மறிச்சு வைச்சிருந்தாங்க. ஆவியைத் திரும்பப் பிடிச்சாலும் இந்தச் சூட்டுக்குக் கால்வாசி காத்தோட போயிரும். ஒண்ணுமே இல்லாததைப் பார்க்க அவ்வளவு வீணாக்கணுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். புதுசாக வந்தவள், நான் பழைய ஆள். "சரி அண்ணை" என்று விட்டுவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து அந்த எண்ணெய் வந்தது. கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய தட்டில் ஒரே புள்ளி, யூ.வி. விளக்கின் கீழ் கறுப்பாக, அழகாக. சேர்வையின் அமைப்பைக் காட்டும் ஐ.ஆர். படம் எடுக்கப் பல்கலைக்கழகத்துக்குக் குப்பியைக் கொண்டுபோனோம், நானும் அவளும். வழியில் செக்பொயின்ற். ஒரு சின்ன வயது ஆமிக்காரன் குப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்து, "மேக்க மொகக்த?", இது என்ன என்று கேட்டான். நான் ஓரடி பின்வாங்கினேன். ரஞ்சினி அசையவில்லை. "பெஹெத் தெல், மல்லி" என்றாள். மருந்தெண்ணெய் தம்பி என்று அர்த்தம். அவன் முகம் மாறிவிட்டது. தன் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், இதைப் பூசலாமா என்று கேட்டான். இன்னும் ஆராயவில்லை என்று அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். நல்ல காலம்! அந்த மனுசிக்கு நாங்கள் பிளாஸ்டிக் குழாயைப் பூசக் கொடுத்திருப்போம்.

ஐ.ஆர். தாளில் எஸ்டர் இருந்தது, பென்சீன் வளையம் இருந்தது. இதுவரை யாரும் இந்தச் செடியில் காணாத சேர்வை என்று டொக்டர் மகிழ்ந்தார். மிச்சச் சோதனைகளுக்குக் கொஞ்சத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, பதில் வருமுன்பே சுருக்கத்தை எழுதினார்கள். குழாயைச் செய்பவன் போடும் எண்ணெயும் ஒரு எஸ்டர்தான், அதிலும் பென்சீன் வளையம்தான் என்பது அன்று எங்கள் ஒருவர் தலையிலும் ஏறவில்லை.

3. வெறும் ஹெக்ஸேன்

எட்டரைக்கு ரஞ்சினி வந்தாள். முறிந்த குழாயை மறைக்கலாமா என்று நினைத்தது உண்மை. இன்னொரு குழாய் வாங்கிப் பொருத்தினால் யாருக்குத் தெரியும்? ஆனால் அவள் குடையைச் சுவரில் சாத்திவிட்டு, "சாப்பிட்டீங்களோ அண்ணை?" என்று தினமும் கேட்பது போலவே கேட்டாள். என்னால் முடியவில்லை. இரண்டு துண்டையும் அவள் கையில் வைத்தேன்.

"மிஸ், இது வாங்கினப்ப சுருட்டலாம்."

அவள் ஒரு துண்டை வளைத்துப் பார்த்தாள். அதுவும் முறிந்தது. கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐந்து நிமிஷம் இருக்கும். எழும்பினாள்.

"இப்ப ஓட்டுவம் அண்ணை. ரெண்டு பிளாங். ஒண்டு குழாயால வந்த ஹெக்ஸேன், மற்றது ட்ரம்மிலயிருந்து கண்ணாடியால எடுத்தது."

மேசையில் இருந்த போத்தல்களில் குழாயால் பிடித்த ஹெக்ஸேன் இரண்டு லீற்றர் இருந்தது. நீராவித் தொட்டியைச் சூடாக்கினோம். இடையில் கரண்ட் போய் ஒன்றரை மணித்தியாலம் சும்மா இருந்தோம். கரண்ட் வந்து, கடைசி மில்லிலீற்றரும் ஏறிப் போனபோது குடுவையின் அடியில் மினுமினு என்று எண்ணெய் ஒட்டியிருந்தது. மற்றக் குடுவை சுத்தம். கழுவி வைத்த மாதிரி.

குழாய் எண்ணெயையும் அவளுடைய குப்பி எண்ணெயையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினாள். விளக்கைப் போட்டோம். இரண்டு கறுப்புப் புள்ளி, ஒரே உயரத்தில், இரட்டைப் பிள்ளைகள் போல.

"இதுதான் என்ட புதுச் சேர்வை" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "ஐயோ அண்ணை, அம்மாவுக்குக் கடிதம் எழுதிப் போட்டன்."

டொக்டர் அமரசேகர கெட்டவர் இல்லை. தட்டைப் பார்த்தார், முகம் வெளுத்தது. ஆனால் அவருக்கும் பயம். வெளிநாட்டிலிருந்து பதில் வரவில்லையே, இப்போதைக்கு முதற்கட்ட முடிவு என்று சொல்லிப் பேசிவிடு, பிறகு மெதுவாக வாபஸ் வாங்கலாம் என்றார். "உன்னுடைய இடம் போய்விடும் ரஞ்சினி. யோசித்துப் பார்" என்றும் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார்.

"சேர், என்ன எண்டு தெரிஞ்ச பிறகு தெரியாது எண்டு சொல்லேலாது" என்றாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் அவள் தமிழில்தான் நினைவு வைத்திருக்கிறேன்.

4. கடைசி வரிசை

கூட்டத்துக்கு நானும் போனேன். எங்களைப் போன்றவர்களுக்குக் கடைசி வரிசை. காற்சட்டைப் பைக்குள் அந்தக் குழாய்த் துண்டு. ஏன் எடுத்துப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவளுக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். நீலப் பருத்திச் சேலையில் மேடையேறினாள். அச்சான தலைப்பைத் திரையில் போட்டு, "இந்தத் தலைப்பு பிழை" என்று தொடங்கினாள். எண்ணெய் எப்படி வந்தது, குழாய் எப்படி முறிந்தது, இரண்டு பிளாங்கும் எப்படி இருந்தன என்று ஒன்றையும் விடாமல் காட்டினாள். அந்தத் தட்டின் படத்தையும் போட்டாள். பிறகு, யுத்த காலத்தில் எல்லா ஆய்வுகூடத்திலும் இப்படியான குழாய்கள் இருக்கலாம், தயவுசெய்து இன்றைக்கே போய் வளைத்துப் பாருங்கள் என்றாள். அப்போது இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன்.

கேள்வி நேரம். தலைமை தாங்கிய முதிய பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் குழாய் ஏற்பாட்டைச் செய்தது யார்? ஏன் ஆரம்பத்திலேயே பிளாங் ஓட்டவில்லை?"

முன்வரிசையில் டொக்டரின் தலை குனிந்தது. நான் பைக்குள் இருந்த குழாய்த் துண்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. "நான் கேட்டேன், அன்டன் மறுத்துவிட்டார்" என்று சொன்னால் போதும். அது முழு உண்மையும்கூட.

"ஆய்வு என்னுடையது. கரைப்பானைச் சோதிக்கிறது என்னுடைய கடமை. நான் செய்யவில்லை" என்றாள்.

நான் எழும்பவில்லை. அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள். சிறுபான்மை ஆள், பெயர் கெட்டால் எந்தக் காரணமும் போதும் என்ற பயம். இதெல்லாம் காரணங்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கதிரையை விட்டு எழும்ப இரண்டு செக்கன் தேவை. அந்த இரண்டு செக்கன் என்னிடம் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

5. முப்பத்தேழாம் குடுவை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கடிதம் எழுதியது: உங்கள் நேர்மையை மதிக்கிறோம், பட்டம் முடித்தால் இடம் இருக்கும். பட்டத்துக்கான பதிவு முடிய இன்னும் ஐந்து மாதம். சாக்கில் இரு கை அள்ளும் அளவு பட்டை. நிரூபித்துக் காட்ட ஒரு சேர்வையும் கையில் இல்லை. அவள் ஒவ்வொரு நாளும் எட்டரைக்கு வந்தாள், "சாப்பிட்டீங்களோ அண்ணை?" என்று கேட்டாள். அந்த மண்டபத்தைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

எனக்கு ஒரு பழக்கம். கொலத்தில் கடைசியாக இறங்கும் தார் போன்ற பகுதிகளை எல்லாரும் வீசச் சொல்வார்கள். நான் வீசமாட்டேன். ஆய்வேட்டில் கையெழுத்து விழும்வரை குடுவை என்னுடையது. அந்தப் பட்டையை ஹெக்ஸேனுக்குப் பிறகு அசற்றோன் என்ற வேறு கரைப்பானில் ஊறவைத்து ஓட்டியபோது வந்த கடைசிக் குடுவைகளை, வாயில் அலுமினியத் தாள் சுற்றி ஊசித் துளை போட்டு, ஜன்னல் மூலையில் வரிசையாக வைத்திருந்தேன். டொக்டர் இரண்டு தடவை திட்டியும் அவை அங்கேயே இருந்தன.

ஒரு திங்கட்கிழமை தூசு தட்டும்போது முப்பத்தேழாம் குடுவையைத் தூக்கினேன். கறுப்புத் தாருக்கு மேலே, கழுத்தைச் சுற்றி, மஞ்சள் ஊசிகள். மாதக்கணக்காக யாரும் தொடாமல் விட்டதில் தானாக வளர்ந்த பளிங்குகள். கத்தப் போனேன். வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவளைக் கூப்பிடவில்லை. முதலில் என் வேலையைச் செய்தேன். அதே அசற்றோன், கொலத்தில் ஓடிய அதே கரைப்பான் கலவை, அதே அளவு, பட்டை இல்லாமல். வற்றவைத்தேன். தட்டில் வைத்தேன். பக்கத்தில் மஞ்சள் ஊசி ஒன்றைக் கரைத்து வைத்தேன். கரைப்பான் கால்வாசி காற்றோடு போனதா என்று கேட்டால், போனது. போகட்டும்.

எட்டரைக்கு வந்தாள். நான் குடுவையை வெளிச்சத்தில் பிடித்தேன். அவள் கண் விரிந்தது. குடையைக்கூட வைக்கவில்லை.

"அண்ணை... பிளாங்?"

தட்டை நீட்டினேன். விளக்கைப் போட்டோம். ஒரு பக்கம் மஞ்சளாய் ஒளிரும் ஒற்றைப் புள்ளி. மற்றப் பக்கம் வெறுமை, அடி தொடக்கம் நுனி வரை ஒன்றுமில்லை. அவள் அந்த வெறும் பக்கத்தைத்தான் கனநேரம் பார்த்தாள். பிறகு பீறிட்டு அழுதாள், நானும்தான். தேத்தண்ணீர் கொண்டுவந்த குசுமாவதி எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து தட்டத்தை வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

முப்பத்தொரு மில்லிகிராம். அக்ரிடோன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. குருந்தோடு உறவான செடிகளில் இருப்பதுதான், ஆனால் ஒரு சிறு அணுக் கூட்டம் வேறு இடத்தில் ஒட்டியிருந்தது. அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் எழுதியிருக்கவில்லை. பதிவு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தாள். பட்டம் கிடைத்தது. போய்விட்டாள். எனக்கும் பதவி உயர்வு கிடைத்திருந்தது.

புதிதாக ஆய்வுகூடத்தில் சேரும் பிள்ளைகளே, பாடம் என்று கேட்டால் இதுதான். ஒன்றுமில்லாததை முதலில் ஓட்டிப் பாருங்கள். அதற்குச் செலவாகும் கரைப்பான் வீண் இல்லை. பழைய ஆள் ஒருவன் அனுபவத்தைச் சொல்லி மறித்தாலும் விடாதீர்கள். அந்தப் பழைய ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆய்வேட்டின் ஒரு பிரதியை எனக்கு அனுப்பியிருந்தாள். இரண்டாம் அத்தியாயம் முழுவதும் அந்தக் குழாயின் கதை. தேவையில்லை, எடுத்துவிடு என்று பரீட்சகர் சொன்னாராம், மாட்டேன் என்றிருக்கிறாள். அதில் ஒரு வரி: "நாங்கள் ஹெக்ஸேனைப் பிளாஸ்டிக் குழாயில் வைத்திருந்தோம், பிளாங் ஓட்டவில்லை." என் பெயர் நன்றிப் பக்கத்தில் முதலில் இருக்கிறது. அந்த வரி இருக்கும் பக்கத்தில் இல்லை.

ஓய்வு பெற்ற கிழமை அந்தப் புத்தகத்தை எடுத்து, அந்த "நாங்கள்" என்ற சொல்லைப் பேனாவால் வெட்டி, மேலே "அன்டன்" என்று எழுதினேன். பக்க ஓரத்தில், "ரஞ்சினி கேட்டாள். நான் மறுத்தேன்" என்றும் எழுதினேன். அது என் வீட்டு அலுமாரிக்குள் இருக்கும் ஒரு பிரதி. யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால்தான் அன்று மண்டபத்தில் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு இப்போது அச்சில் பதில் எழுதுகிறேன். சேர், குழாய் என்னுடையது.